ஸ்பெயின் கோட்டை ஹோட்டல்களில் வாடகையைக் குறைக்க: சேலத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் தமிழ்நாடு ஹோட்டல் நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயினிலும் அரசாங்கமே இப்படி ஒரு ஹோட்டல் வரிசையை நடத்துகிறது. பெயர் பரடோர். அங்கே ரூம் கிடைப்பது கோட்டையில், பழைய மடாலயத்தில், பிரபுக்களின் மாளிகையில். முதல் பரடோர் 1928 அக்டோபரில் கிரேதோஸ் மலையில் திறந்தது. அதற்கு இடம் பார்த்துச் சொன்னவர் அப்போதைய அரசர் 13ஆம் அல்போன்சோ. இன்று நாடு முழுக்க நூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன.

கோட்டையில் தங்குவது என்றதும் லட்சக்கணக்கில் ஆகும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சின்ன ஊர் பரடோரில் வாரநாளில் கிடைக்கும் வாடகை, மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டு ரிசார்ட்டுகள் கேட்பதோடு ஒப்பிட்டால் மலைக்கிற அளவுக்கு இருக்காது. அதையும் இன்னும் குறைக்க வழி உண்டு. ஆனால் 'லாயல்டி பாயின்ட்' என்று எல்லோரும் பேசுவது அந்த வழிகளில் மூன்றாவதுதான். முதலாவது வயதுச் சலுகை. இரண்டாவது கிழமையும் ஊரும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட ஐரோப்பா போகாத குடும்பம் பரடோர் பாயின்ட்டைச் சேர்த்து இலவச ராத்திரி வாங்க நினைத்தால், சேர்ந்து முடிவதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். அப்படியானால் உறுப்பினராக ஏன் சேர வேண்டும்? சேர வேண்டும்தான், காரணம் வேறு.

அமிகோஸ்: சேர்வது இலவசம், பெயர் மட்டும் கவனம்

பரடோரின் உறுப்பினர் திட்டத்துக்கு 'அமிகோஸ் தே பரடோரஸ்' என்று பெயர். கட்டணம் கிடையாது. பரடோரின் சொந்த வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கி, உள்ளே நுழைந்த பிறகு தேதியைப் போட்டுத் தேடினால் உறுப்பினர் விலை காட்டும். நுழையாமல் ஒரு தடவை, நுழைந்து ஒரு தடவை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில தேதியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், சில தேதியில் ஒன்றுமே இருக்காது. போய் இறங்கியதும் ஒரு வரவேற்புப் பானம் உண்டு. செக்கின் செய்யும்போது உறுப்பினர் எண்ணை நீங்களாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடத்தில் அந்தக் கூப்பன் கைக்கு வராது.

இந்த விலையும் பாயின்ட்டும் நேரடியாக புக் செய்தால்தான். ஹோட்டல் திரட்டித் தளங்கள் வழியாகவோ ஐந்து ரோடு டிராவல் ஏஜென்ட் வழியாகவோ எடுத்த ரூமுக்கு உறுப்பினர் எண்ணைக் கவுன்டரில் நீட்டிப் பயனில்லை. பணம் போனது இடைத்தரகருக்கு, ஹோட்டல் கணக்கில் நீங்கள் அந்தத் தரகரின் வாடிக்கையாளர். உலகம் முழுக்க எல்லாச் சங்கிலி ஹோட்டலுக்கும் ஏறக்குறைய இதுதான் விதி.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்ப் பகுதி. ஸ்பானியருக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. அதனால் படிவத்தில் முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். இரண்டாவதை வெளிநாட்டுக்காரர் காலியாக விடலாம். நமக்கோ முதல் குடும்பப் பெயரே தகராறு. பாஸ்போர்ட்டில் சிலருக்கு இன்ஷியலை விரித்து அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். 'எஸ்' என்று ஒற்றை எழுத்தைத் தட்டினால் பல படிவங்கள் ஏற்காது, ஏற்றாலும் பின்னால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் போகாது. விரித்த பெயர் இருந்தால் அதை அப்படியே போடுங்கள். வெறுமையாக இருந்தால் விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே மாதிரி இங்கேயும் போடுங்கள். டிக்கெட், விசா, ஹோட்டல் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்க வேண்டும். ஆவண வகை என்ற இடத்தில் ஸ்பெயின் அடையாள அட்டைதான் முதலில் நிற்கும். அதை மாற்றிப் பாஸ்போர்ட் என்று தேர்ந்தெடுத்த பிறகு எண்ணைத் தட்டுங்கள். மாற்றாமல் தட்டினால் 'எண் தவறு' என்று திருப்பித் திருப்பிச் சொல்லும், தளம் கெட்டுப்போனதாக நினைத்து ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

அப்பா அம்மா ரூமைத் தனியாக புக் செய்யுங்கள்

55 வயது தாண்டியவர்களுக்குப் பரடோரில் 'தங்க நாட்கள்' என்ற சலுகை ரொம்ப காலமாக உண்டு. நீங்கள் ஸ்பெயின்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. தங்குபவரின் வயதைப் பாஸ்போர்ட்டில் காட்டினால் போதும். அதே அறையில் உடன் தங்கும் கணவனுக்கோ மனைவிக்கோ தனியாக வயது பார்ப்பதில்லை. எல்லா பரடோரிலும் எல்லா நாளும் கிடைக்காது, தேதிக்குத் தேதி சதவீதமும் மாறும். இளைஞர்களுக்கும் வேறு ஒரு சலுகை உண்டு, அதற்கான வயது வரம்பு அந்தச் சலுகைப் பக்கத்திலேயே இருக்கும். அடுத்தடுத்து 2 ராத்திரி ஒரே இடத்தில் தங்கினால் அதற்கு ஒரு விலையும் போடுவார்கள்.

நம் குடும்பங்கள் செய்யும் தப்பு, மகன் தன் கணக்கில் உட்கார்ந்து '4 பேர், 2 அறை' என்று ஒரே புக்கிங்காகப் போடுவது. அப்படிப் போட்டால் தளம் இரண்டு அறைக்கும் ஒரே வகை விலையைத்தான் தரும். அப்பா அம்மா அறையை மூத்தோர் சலுகையில், அப்பா பெயரில் ஒரு புக்கிங்காகப் போடுங்கள். மகன் மருமகள் அறை இளைஞர் சலுகையிலோ உறுப்பினர் விலையிலோ இன்னொரு புக்கிங். பிறகு ஹோட்டலுக்கு இரண்டு புக்கிங் எண்ணையும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்து அறை கிடைத்தால் நல்லது, மாடி ஏற லிஃப்ட் வேண்டும்' என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் சில அறைக்கு அதற்கப்புறமும் படி இருக்கும். முழங்கால் வலிக்காரர் வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரி முக்கியம்.

ஒப்பிடும்போது காலை உணவைக் கவனியுங்கள். கணக்குக்காக ஒரு அறை 140 யூரோ, காலை உணவு தலைக்கு 20 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு மொத்தம் 180. காலை உணவு சேர்ந்த சலுகை விலை 153 என்று காட்டினால், '140-க்கே கிடைக்கிறதே' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில் மிச்சம் 27 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் ராத்திரிக்கு 2,700 ரூபாய். 4 ராத்திரிக்கு 10,800.

இன்னொன்று, 5 ராத்திரிக்கு மொத்தமாக முன்பணம் கட்டி, வெவ்வேறு பரடோரில் பிரித்துத் தங்கும் அட்டையையும் பரடோர் விற்று வந்திருக்கிறது. வேறு வேறு ஊருக்குக் காரில் சுற்றுபவருக்கு நல்ல ஏற்பாடு. கிரானடா மாதிரி கிராக்கி உள்ள இடங்களில் அதற்கு அறை ஒதுக்குவது குறைவு, கூடுதல் கட்டணமும் கேட்கலாம். அட்டையை வாங்குவதற்கு முன்னால் நீங்கள் போகும் ஊர்ப் பெயர் பட்டியலில் இருக்கிறதா, அந்தத் தேதியில் அறை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாங்கிவிட்டு இடம் தேடினால் கையைக் கடிக்கும்.

சனிக்கிழமை வேண்டாம்

மாட்ரிட்காரர்களுக்குச் சிகுவென்சாவும் சின்சோனும், பெங்களூரு ஆட்களுக்கு ஏற்காடு மாதிரிதான். வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்புவார்கள். ஞாயிறு ராத்திரி முதல் வியாழன் ராத்திரி வரை அதே அறை வேறு விலை. சனி 190 யூரோ, செவ்வாய் 130 என்று ஒரு அறை போனால், கிழமையை மாற்றியதாலேயே மிச்சம் 60. முந்தைய கணக்கில் வயதுச் சலுகை தந்தது 27. பயணத்திட்டம் போடும்போது கோட்டைகளை வாரநாளில் வைத்து, சனிக்கிழமையைப் பெரிய நகரத்தில் சாதாரண ஹோட்டலில் கழிப்பது புத்திசாலித்தனம்.

ஸ்பானியர் 'பாலம்' என்று சொல்லும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள். அக்டோபர் 12, நவம்பர் 1, டிசம்பர் 6-ம் 8-ம், மே 1 ஆகியவை வார இறுதிக்கு அருகில் விழுந்தால் நடுநாளையும் சேர்த்து லீவு போட்டுவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவில், கிரானடா பக்கம் விலை கேட்கவே வேண்டாம். அது முடிந்து சுமார் 2 வாரத்தில் செவிலில் திருவிழா, மறுபடி ஏறும். நம் பள்ளி விடுமுறையான மே மாதம் அங்கே வசந்தம், வெயில் மிதம், அதனால் விலை மிதமாக இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவின் உள்நாட்டு நகரங்களில் 40 டிகிரி சாதாரணம், அதனால் அங்கே விலை இறங்கும். சேலத்து மே வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டுதான். அங்கே ராத்திரி 9 மணிக்கும் வெயில் அடிக்கும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, பண்டிகை நாட்களை விட்டால், மலிவு. ஆனால் சின்ன பரடோர்கள் சில ஜனவரி, பிப்ரவரியில் சில வாரம் மூடிவிடும்.

பெயரில் பரடோர், கட்டடம் புதுசு

விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். எல்லா பரடோரும் பழைய கட்டடம் அல்ல. தொலேதோ பரடோர் ஊருக்கு எதிரே, ஆற்றின் மறுபக்கம் மலையில் 1960களில் கட்டியது. அங்கிருந்து தெரியும் ஊர்க் காட்சிக்குத்தான் காசு. செகோவியா, சலமன்கா, கோர்தோபா மூன்றும் புதுக் கட்டடங்களே. ஹயேனில் மலை உச்சியில் சாந்த்த கதலினா கோட்டை நிஜம். அதன் பக்கத்தில் நிற்கும் பரடோர் 1965-ல் கோட்டை பாணியில் எழுப்பியது. பார்த்தால் சந்தேகமே வராது, அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

நடுத்தரமாகச் சிலது உண்டு. கர்மோனாவில் அரசர் கொடூர பேத்ரோவின் அரண்மனைக் கோட்டை இருந்த இடத்தில், பழைய மதில்களுக்குள் 1970களில் கட்டிய அறைகள். சிகுவென்சா ஆயர்களின் கோட்டை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. போர்களில் சிதைந்து கிடந்ததை அதே 1970களில் எடுத்துக் கட்டினார்கள். வெளியே நிஜக் கோட்டை, உள்ளே குழாயில் வெந்நீர் வரும். என்னைக் கேட்டால் வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு இந்த வகைதான் சரி.

முழுக்கப் பழமை வேண்டும் என்றால் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. யாத்ரீகர்களுக்கான மருத்துவமனையாக 1499-ல் இசபெல்லா, ஃபெர்டினாண்ட் அரச தம்பதி ஆணையிட்டுக் கட்டியது, 1954 முதல் ஹோட்டல். கதீட்ரலுக்கு அடுத்த வாசல். லெயோனில் சான் மார்கோஸ் மடாலயம், முகப்பு முழுக்கக் கல்லில் சிற்ப வேலை. நம்மூர்க்காரர் தாரமங்கலம் கோயில் தூண்களைப் பார்ப்பது போல நின்று பார்ப்பார்கள். உள்நாட்டுப் போரில் அதைச் சிறையாக வைத்திருந்தார்கள். குவென்காவில் பள்ளத்தாக்கின் ஒரு கரையில் சான் பாப்லோ மடாலயம், எதிர்க்கரையில் பாறை விளிம்பில் தொங்கும் வீடுகள். உபெதாவில் 16ஆம் நூற்றாண்டு மாளிகை, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சதுக்கத்தின் நடுவிலேயே.

எல்லாரும் கேட்பது கிரானடா. முஸ்லிம் அரசர்களின் பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்பிரா வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மடாலயம் அது. இசபெல்லா ராணியின் உடல் 1521 வரை அங்கேதான் அடக்கமாகி இருந்தது. அறைகள் 40 அளவில்தான், கிராக்கியோ உலகம் முழுக்க. சலுகை எதுவும் அங்கே பெரிதாகச் செல்லாது. காசு மிச்சம் பிடிக்க வந்தவர் கிரானடாவை விட்டுவிட்டு அதே காசில் உபெதாவில் 2 ராத்திரி தங்கலாம் என்பது என் கட்சி. அப்படியும் அங்கேதான் தங்குவேன் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே அறை எடுத்ததால் அல்ஹம்பிராவுக்கு டிக்கெட் கிடைத்துவிடாது. அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கான நேரச் சீட்டைத் தனியாக, பாஸ்போர்ட் எண்ணோடு, முன்கூட்டியே வாங்க வேண்டும். அரண்மனை வாசலில் தங்கி, டிக்கெட் இல்லாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். சிகுவென்சா, அல்மக்ரோ, சஃப்ரா மூன்றுக்கும் ரயில் உண்டு. குவென்காவுக்கு மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், ஸ்டேஷன் மட்டும் ஊருக்கு வெளியே. கர்மோனாவுக்குச் செவிலிலிருந்து பஸ். கர்தோனா, அல்கனீஸ் மாதிரி இடங்களுக்கு ரயில் கிடையாது. டாக்சி பிடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது போய்விடும். கார் எடுப்பதானால் சேலம் ஆர்டிஓ-வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு வருஷம் செல்லும், ஒரிஜினல் லைசென்சும் கையில் இருக்க வேண்டும். அங்கே வலதுபக்கப் போக்குவரத்து. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் ஓட்டியவருக்கும் முதல் நாள் ரவுண்டானா குழப்பும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள், சும்மா கொடுப்பது கியர் வண்டிதான்.

அரண்மனை ஹோட்டலுக்கு வேறு பாயின்ட்

பரடோர் தவிர்த்த பழைய ஹோட்டல்களில்தான் இந்தியாவில் சேர்த்த பாயின்ட் உதவும். அதிகம் உதவுவது மேரியட் ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான மேரியட் போன்வாய். செவிலில் 1929 கண்காட்சிக்காகக் கட்டிய அல்போன்சோ 13 ஹோட்டல், சான் செபாஸ்தியானில் 1912-ன் மரியா கிறிஸ்தினா, மாட்ரிடில் அதே வருஷத்துப் பாலஸ், கிரானடாவில் பழைய மடாலயமான சாந்த்த பவுலா எல்லாம் அந்தக் குடையின் கீழ் வருபவை. வயாதொலீத் பக்கத்தில் ஆற்றங்கரையில் சாந்த்த அனா மடாலயத்தையும் அவர்கள் ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். பெயர் அவ்வளவாக வெளியில் தெரியாததால் பாயின்ட் விலையும் மற்றவற்றைவிடத் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாயின்ட் சேர வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பலர் விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளி வியாபாரத்துக்காகச் சென்னை, பெங்களூரு, மதுரை என்று அலையும் ஆட்கள் தங்கும் ராத்திரிகள் அவை. மேரியட் வகை ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றில் டாலருக்கு 10 பாயின்ட். நேரடியாக புக் செய்து, நீங்களும் அங்கே தங்கி, காசும் நீங்களே கட்டினால் 3 அறை வரை உங்கள் கணக்கிலேயே ஏறும். கல்யாண வரவேற்பு நடத்தினாலும் அதற்குத் தனித் திட்டம் உண்டு, டாலருக்கு 2 பாயின்ட், ஒரு நிகழ்ச்சிக்குச் சாதாரண உறுப்பினருக்கு 60,000 வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உறுப்பினர் எண்ணை அதில் எழுதச் சொல்லுங்கள். ஈவென்ட் ஏஜென்சி பெயரில் ஒப்பந்தம் போனால் அந்தப் பாயின்ட்டை அப்புறம் மறந்துவிடலாம். குடும்பத்துக்குள் பாயின்ட்டை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவருக்குக் காசில்லாமல் மாற்றலாம், ஒருவர் வருஷத்துக்கு 1,00,000 வரை கொடுக்கலாம். புதுக் கணக்கு என்றால் சில மாதம் பொறுக்கச் சொல்லும், அதனால் கடைசி நேரத்தில் மனைவி பெயரில் கணக்குத் தொடங்கி மாற்றப் பார்க்காதீர்கள். 24 மாதம் கணக்கில் அசைவே இல்லை என்றால் பாயின்ட் காலாவதி.

பாயின்ட் போடலாமா காசு போடலாமா என்பதற்கு ஒரே வகுத்தல்தான். உதாரணமாக அறை 380 யூரோ அல்லது 45,000 பாயின்ட். 38,000 ரூபாயை 45,000-ஆல் வகுத்தால் பாயின்ட்டுக்கு 84 பைசா. மேரியட் விற்கும் சாதாரண விலை 1,000 பாயின்ட்டுக்கு 12.50 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் பாயின்ட் 1.13 ரூபாய், வாங்கினால் நஷ்டம். 50 சதவீதம் கூடுதலாகத் தரும் சமயத்தில் வாங்கினால் சுமார் 75 பைசா. கார்டு கட்டணத்தையும் சேர்த்தால் 78. மிச்சம் வெறும் 6 பைசா, அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் ஒரே ஹோட்டலில் 5 ராத்திரி பாயின்ட்டில் எடுத்தால் 4 ராத்திரிக்குத்தான் கழிப்பார்கள். அப்போது 1,90,000 ரூபாய் மதிப்புள்ள தங்கலுக்கு 1,80,000 பாயின்ட், அதாவது ஒவ்வொன்றுக்கும் 1.06 ரூபாய். இப்போது வாங்குவதிலும் அர்த்தம் இருக்கிறது. செவிலில் 5 ராத்திரி உட்கார்ந்து என்ன செய்ய என்றால், கோர்தோபா அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம், கர்மோனா பஸ்ஸில். அங்கிருந்தே போய்வரலாம்.

எச்டிஎஃப்சி-யின் மேரியட் கார்டில் கிடைக்கும் இலவச ராத்திரி 15,000 பாயின்ட் அளவிலானது. அதை வைத்து அல்போன்சோவில் நுழைய முடியாது. அதற்கு மேல் உங்கள் பாயின்ட்டையும் ஓரளவு சேர்க்கலாம் என்றாலும், உள்ளூர் பயணத்துக்குப் பயன்படுத்துவதே லாபம். அந்தக் கார்டு டைனர்ஸ் வகை. ஸ்பெயினில் சின்ன ஊர்க் கடைகளில் எடுக்க மாட்டார்கள், கூடவே விசா அல்லது மாஸ்டர் கார்டு ஒன்று வேண்டும்.

என்எச் கலெக்‌ஷன் ஹோட்டல்களையும் பாருங்கள். புர்கோஸ், சலமன்கா, கோர்தோபாவில் பழைய மடாலயமும் மாளிகைகளும் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் திட்டத்தில் தங்கிய காசில் 4 முதல் 7 சதவீதம் டிஸ்கவரி டாலராகத் திரும்பும், ஒன்று ஒரு அமெரிக்க டாலர் மதிப்பு. முதல் ஊரில் சேர்ந்ததை அதே பயணத்தின் கடைசி ஊரில் செலவழித்துவிட்டு வரலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஒரே தடவை போகிறவருக்குப் பாயின்ட்டைவிட இது மேல்.

விசா, கார்டு, வரி

விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்ட வேண்டும், விசா வருமா என்பதோ தெரியாது. அதனால் முதலில் ரத்து செய்யக்கூடிய விலையில் போடுங்கள். ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு அதே ஊர், அதே தேதிக்கு முன்பணம் கட்டும் மலிவு விலை இருக்கிறதா என்று தேடி, அதை எடுத்துக்கொண்டு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: புதியது உறுதியான பிறகே பழையது ரத்து. ரத்துக் கெடு ஸ்பெயின் நேரப்படி. நாம் அவர்களைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம்.

பல இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13. ஒரு லட்சம் வாடகைக்கு 4,130 ரூபாய். பல உறுப்பினர் சலுகைகள் இதிலேயே கரைந்துவிடும். இந்தக் கட்டணம் குறைவான கார்டு ஒன்றை வாங்கிக்கொள்வது பாயின்ட் சேர்ப்பதைவிட நிச்சயமான லாபம். கவுன்டரில் மெஷினை நீட்டி 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். ஹோட்டலுக்கு 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி, அது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதலோனியாவிலும் பலேயாரிக் தீவுகளிலும் தலைக்கு, ராத்திரிக்கு என்று சுற்றுலா வரி தனி. கர்தோனா, தோர்தோசா கோட்டைகள் கதலோனியாவில்தான்.

2 பேர் அறையில் 4 பேர் படுத்துக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே நடக்காது. தங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஹோட்டல் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரிலிருந்து கடுமையாகியிருக்கிறது. எல்லோர் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், வீட்டு முகவரியும் மின்னஞ்சலும்கூட. குழந்தைக்குக் கூடுதல் கட்டில் வேண்டுமானால் புக் செய்யும்போதே வயதைச் சரியாகப் போட்டுக் கேளுங்கள். சில கோட்டைகளில் சுவர் கனம் காரணமாகக் கட்டில் போட இடமே இல்லாத அறைகளும் உண்டு.

சாப்பாட்டில் கைவைத்தால்தான் செலவு குறையும். பரடோரில் காலை உணவு பஃபே, அதை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மதியம் ஊருக்குள் ஏதாவது பாரில் 'பகல் மெனு' என்ற செட் சாப்பாடு எடுத்தால் ராத்திரிக்குப் பழமும் ரொட்டியும் போதும். இரவு உணவு அங்கே எட்டரைக்கு முன் தொடங்காது, சின்னக் குழந்தைகள் தூங்கிவிடும். சைவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சல்மொரேஹோ என்ற தக்காளிக் குழம்பு சைவம் மாதிரித் தெரியும், மேலே பன்றித் தொடை இறைச்சியைத் தூவிக் கொண்டுவருவார்கள். 'சின் ஹமோன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். லா மாஞ்சா பக்கத்தில் கிடைக்கும் பிஸ்தோ, கத்தரிக்காயும் குடைமிளகாயும் தக்காளியும் வதக்கியது, நம் வாய்க்குப் பிடிக்கும். மேலே முட்டை வைப்பது வழக்கம், வேண்டாமென்றால் 'சின் உவேபோ'. பரடோர் இரவு உணவுக்குக் கட்டிய காசுக்கும் உறுப்பினர் கணக்கில் பாயின்ட் சேரும். பில்லில் கையெழுத்துப் போடும்போது அறை எண்ணோடு உறுப்பினர் எண்ணும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.